பொம்மை வீடும் பெரியம்மா வீடும்

“அஞ்சு பவுணுக்குப் பொம்மை வீடு வாங்கி அடுக்கிறியள், ஊர் வீட்டை இடிக்க மட்டும் கையெழுத்துப் போட மாட்டியளோ அண்ணை?” என்று குடும்ப வட்ஸ்அப்பில் ஒரு தம்பி கேட்டிருந்தான். ரொறன்ரோவில் இருக்கிறவன், நல்ல பிள்ளை. அவன் இடிக்கச் சொல்வது ஊரில் எங்கள் பெரியம்மாவின் நாற்சார் வீட்டை. அவனுக்கு நாலு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

அவன் பொம்மை என்றது லிலிபுட் லேன் வீடுகளை. 1982இல் டேவிட் டேட் என்பவர் இங்கிலாந்தின் கம்பிரியாவில், பென்ரித் பக்கம் தொடங்கிய தொழில் அது. மெழுகில் செதுக்கி, அச்செடுத்து, சாந்து வார்த்து, ஒவ்வொரு வீட்டுக்கும் கையால் வர்ணம் பூசினார்கள். பெட்டிக்குள் வீட்டுக்கென ஓர் உறுதிப்பத்திரமும் இருக்கும். ஒரு வீட்டின் தயாரிப்பு நின்றால் விலை ஏறும் என்று நம்பி எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வாங்கிக் குவித்தவர்கள் ஏராளம். பெரும்பாலான வீடுகளுக்கு அந்த விலை நிலைக்கவில்லை. சேர்த்தவர்கள் மூப்படைய, அவர்களுடைய அலுமாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தைக்கு வந்தன. 2016இல் உற்பத்தியும் நின்றது. இன்று கார் பூட் சந்தையில் அம்மாவின் சேகரிப்பை மகள் பழைய பத்திரிகையில் சுற்றித் தருகிறாள். பெட்டியும் உறுதியும் இருந்தால் விலை கொஞ்சம் கூடும், புகைபோக்கி நுனி உடைந்திருந்தால் இறங்கும். வாங்குகிறவர்கள் கூரை விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். உடைந்த இடத்தில் பிறகு வர்ணம் பூசியிருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும்.

நான் இவற்றை வாங்குவது விலைக்காக அல்ல. எந்த வீடுகளைச் செதுக்கினார்கள் என்று பாருங்கள்: பண்ணைக் கூலியாளின் வைக்கோல் கூரை வீடு, கொல்லன் பட்டறை, மாவு ஆலை, ஊர்த் தபாற்கந்தோர். சாதாரணக் குடியானவன் வீட்டுக்கு இந்த நாட்டில் ஒரு மரியாதை இருக்கிறது. 1896இல், பழைய கட்டடங்களைக் காக்கும் நஷனல் ட்ரஸ்ட் அமைப்பு முதன்முதலாக வாங்கிய கட்டடம் கோட்டையல்ல, மாளிகையுமல்ல. சசெக்சில் அல்பிரிஸ்டன் என்ற கிராமத்தில் சிதைந்துகொண்டிருந்த, வைக்கோல் வேய்ந்த பழைய மரச்சட்ட வீடு. விலை 10 பவுண். இன்றும் நிற்கிறது. பாதுகாப்புப் பட்டியலில் உள்ள வீடு என்றால், வீட்டுக்காரர் நினைத்தபடி ஒரு யன்னலைக்கூட மாற்ற முடியாது. முணுமுணுப்பார்கள், ஆனாலும் அனுமதி கேட்டுத்தான் மாற்றுவார்கள். நாங்களோ பித்தளையில் கோபுரம் வைத்திருப்போம், தேர் வைத்திருப்போம். முற்றமும் ஓட்டுக்கூரையுமாய் ஒரு நாற்சார் வீட்டை உள்ளங்கையளவில் செய்து விற்றவரை நான் கண்டதில்லை.

அதற்காக எங்கள் சனத்துக்குப் பழமையின் அருமை தெரியாது என்று யாரும் சொன்னால் ஒப்பமாட்டேன். போரில் ஷெல் விழுந்து ஓடு நொறுங்கிய வீடுகள் எங்களுடையவை. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் ஒரே இரவில் பூட்டிவிட்டு நடந்த வீடுகள். வலிகாமம் வடக்கில் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர்கள் பலருக்கு அத்திவாரம்தான் மிச்சம். அல்பிரிஸ்டன் வீட்டைத் தூக்கி நிறுத்த ஒரு நிறுவனம் வந்தது. எங்கள் பெரியம்மாவின் வளைக்குக் கறையான் பிடித்தபோது யார் வந்தார்கள்? தனியாக இருக்கும் கிழவி நாலு பக்கமும் கூட்டிப் பெருக்க முடியாது என்பதும் நியாயம்தான்.

ஆனால் ஷெல்லுக்குத் தப்பிய வீட்டை எங்கள் காசு இடிப்பதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் போகும் பணத்தில் எழும் மாடிவீடுகளில் எத்தனை, ஒரு கோடை விடுமுறைக்குத் திறந்து மற்ற மாதமெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன! நாற்சாரை வைத்துக்கொண்டு பின்வளவில் குளியலறையும் சமையலறையும் கட்டலாம். அதற்குச் செலவும் குறைவு.

தம்பி, கையெழுத்துப் போடமாட்டேன். இடித்தே தீருவேன் என்பவர்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன்: மேசனுக்கு முற்பணம் அனுப்ப முதல், வீட்டை அளந்து ஒரு வரைபடம் எடுங்கள். ஒவ்வொரு அறையையும் படம் பிடியுங்கள். கதவு, நிலை, தூண்களை விறகுக்குக் கொடுக்காதீர்கள்.