போரிவலிக் காட்டில் ஒரு பகல்

மும்பை மாநகரில் வாழும் நம்மவரிடம், "இவ்வூரில் பார்க்கத்தக்கது யாது?" என்று வினவினால், கடற்கரையைச் சொல்வார்கள், இந்தியாவின் நுழைவாயிலைச் சொல்வார்கள், மகாலட்சுமி கோவிலைச் சொல்வார்கள். காட்டைச் சொல்வார் அரியர். நாங்களும் அண்மைக்காலம் வரையில் அவ்வாறே இருந்தோம். இங்குக் குடிவந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இரயில்வேயில் எழுத்தர் உத்தியோகம். நாள்தோறும் போரிவலி வண்டிகளைக் கண்ணால் காண்கின்றோம். எனினும், அவ்வண்டி ஒன்றில் ஏறிச் சென்று காட்டைக் காண வேண்டும் என்ற எண்ணம் ஒருநாளும் எழுந்ததில்லை. எழச் செய்தவர் எங்கள் தந்தையார்.

2024ஆம் ஆண்டு தொடக்கத்தில் எங்கள் தாயார் காலமானார். தனித்திருக்க வேண்டாம் என்று தந்தையாரை நெல்லைச் சீமையிலிருந்து இங்கு அழைத்து வந்தோம். தாராவிக்கு அருகில் ஓர் அறையும் சிறு சமையற்கட்டும் உள்ள வீடு எங்களுடையது. குளத்துப் பாசனத்தில் நெல் விளைவித்து எழுபது வயதை எட்டியவர், நாள் முழுவதும் வாசற்படியில் அமர்ந்து சந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள், "எய்யா, இந்த ஊரில் மண் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். எங்களால் மறுமொழி கூற இயலவில்லை. அடுத்த வாரம், தீபாவளிக்கு முன்னால் ஊர் திரும்பப் பயணச்சீட்டு எடுத்துத் தருமாறு கேட்டார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். முடிவில் எடுத்துக் கொடுத்தோம். அவர் போகுமுன் ஒருநாளேனும் மண்ணும் மரமும் உள்ள இடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

எங்களுக்கு வார ஓய்வு திங்கட்கிழமை. விசாரித்தபோது, பூங்காவுக்கும் திங்கட்கிழமையே விடுமுறை என்று தெரிந்தது! ஆகவே ஒருநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, செப்டம்பர் மாதக் கடைசியில், தந்தையார், மனைவி, எட்டு வயது மகள் ஆகியோருடன் மாஹிம் நிலையத்தில் வண்டி ஏறினோம். அங்கிருந்து போரிவலி பதினோராவது நிலையம்.

வண்டி மாஹிமை விட்டுப் பாந்திரா செல்லும் வழியில் ஒரு பாலத்தைக் கடக்கின்றது. கீழே கரிய நீர், கரைநெடுகக் குப்பை. தந்தையார் தோள்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது என்ன சாக்கடை?" என்றார். "சாக்கடை இல்லை, தாத்தா. இது மித்தி ஆறு" என்றாள் எங்கள் மகள். "ஆறா?" என்று கேட்டவர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. தாமிரவருணியில் குளித்து வளர்ந்தவர் வேறு என்ன பேசுவார்?

போரிவலியில் இறங்கிக் கிழக்கு வாயில் வழியாகச் சிறிது தொலைவு நடந்தால் பூங்காவின் வாசல் வந்துவிடுகின்றது. இதற்குச் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்பது இன்றைய பெயர். முன்னர் போரிவலி தேசியப் பூங்கா என வழங்கிற்று. பூங்கா என்ற சொல்லைக் கேட்டுப் பூச்செடியும் ஊஞ்சலும் மட்டும் இருக்கும் என எண்ணற்க. மும்பைக்கும் தானேவுக்கும் இடையில் ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ள மெய்யான காடு இது. புள்ளிமானும் கடம்பையும் குரங்கும் உண்டு. 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இக்காட்டிலும் இதைச் சூழ்ந்த பகுதிகளிலும் 47 சிறுத்தைகள் இருக்கக் கண்டனர். ஒன்றேகால் கோடி மக்களுக்கு மேல் நெருங்கி வாழும் மாநகரின் எல்லைக்குள் சிறுத்தை உலவுகின்றது என்றால், ஊரில் இருப்பவர்கள் நம்புவார்களா?

வாசலைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் நெடுஞ்சாலையின் இரைச்சல் அடங்கிற்று. மழைக்காலம் முடியும் தறுவாய், எங்கும் பசுமை. தந்தையார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "கல் குத்தும், மாமா" என்று மனைவி சொன்னதை அவர் செவிமடுக்கவில்லை.

அங்கங்கே சில மரங்களில் மராட்டியில் பெயர்ப்பலகை மாட்டியிருந்தார்கள். எங்கள் மகள் பள்ளியில் மராட்டி கற்பவள். அதை எழுத்துக்கூட்டிப் படிப்பாள். தந்தையாருக்கு மராட்டி ஓரெழுத்தும் தெரியாது. மரங்களோ எல்லாம் தெரியும். அவள் "சாக்" என்று படிக்க, அவர் அண்ணாந்து நோக்கி, "தேக்கு" என்றார். அவள் "பளஸ்" என்றாள். அவர் "புரசு" என்றார். அவள் "கரஞ்ச்" என்றாள், அவர் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து, "புங்கு. நம் குளத்தங்கரையில் நிற்கிறதே, அதே மரம்" என்றார். முள்ளுடைய நெடுமரம் ஒன்றின் அடியில் பலகையில்லை. அவர் "இலவு" என்றதும், "மராட்டியில் என்ன பெயர் என்று டீச்சரிடம் கேட்டு வருகிறேன்" என்றாள். (மறுநாள் கேட்டு வந்தாள்: சாவர்.)

உண்மையைச் சொல்லிவிடுகின்றோம். அன்றுவரை எங்கள் மகளுக்குத் தமிழில் மாமரமும் தென்னையும் தவிர வேறு மரத்தின் பெயர் தெரியாது. அவளுக்குச் சொல்லித்தர எங்களுக்கும் நேரம் வாய்க்கவில்லை. வாய்த்திருந்தாலும் காட்ட மரம் இல்லை. வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்று பெருமை கொள்கிறோம். ஆனால் ஓர் அறைக்குள் இருக்கும் பொருள்களின் பெயர்கள் எத்தனை? அவை முடிந்ததும் குழந்தையின் தமிழும் அங்கேயே நின்றுவிடுகின்றது.

கான்ஹேரிக் குகைகள் வாசலிலிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் உள்ளே உள்ளன. பேருந்தில் சென்றோம். இறங்கிய இடத்தில் வார்லிப் பழங்குடி மாது ஒருவர் வெள்ளரிப் பிஞ்சும் நெல்லிக்காயும் கூறு வைத்து விற்றுக்கொண்டிருந்தார். இக்காட்டுக்குள் பழங்குடியினரின் சிற்றூர்கள் பல உண்டு; மாநகர் வளர்வதற்கு முன்பே இங்கு வாழ்ந்தவர்கள் அவர்கள். மகளை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு தந்தையார் அம்மாதுடன் பேசத் தொடங்கிவிட்டார். விதை எப்போது போடுவீர்கள், காட்டுப்பன்றி அழிக்குமா, சிறுத்தைக்குப் பயமில்லையா என்று கேள்விமேல் கேள்வி. சிறுத்தையும் புலியும் எங்களுக்குச் சாமி, வாகோபா என்று பெயர் என்றார் அம்மாது. "நம் எல்லைச்சாமி போல" என்று தந்தையார் தலையசைத்தார்.

அம்மாது சரிவைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார். பார்த்தோம். பாறைச்சரிவில் புதர்புதராக ஊதாநிறப் பூக்கள். அதன் பெயர் கார்வி. எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே பூப்பது. 2008இல் பூத்தது, 2016இல் பூத்தது, பின்னர் 2024இல். பூத்துக் காய்த்து விதை உதிர்த்தபின் செடி பட்டுப்போகும். காய்ந்த தண்டுகளை வரிசையாக நிறுத்திக் கட்டி, மேலே சாணமும் மண்ணும் பூசி வார்லிகள் வீட்டுச் சுவர் எழுப்புகின்றார்கள். கொடைக்கானல் மலையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நம் குறிஞ்சியும் இக்கார்வியும் ஒரே இனத்துச் செடிகள்.

மகள் விரல்விட்டு எண்ணினாள். "அடுத்த தடவை பூக்கும்போது எனக்குப் பதினாறு வயது, தாத்தா."

"அப்போது நீ வந்து பார், தாயி. பார்த்துவிட்டு எனக்குச் சொல்" என்றார். எங்கள் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கான்ஹேரி என்பது கிருஷ்ணகிரி என்ற சொல்லின் திரிபு. கரிய மலை என்று பொருள். தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத்துக்கும் அப்பெயர் இருப்பதை அன்பர்கள் அறிவார்கள். கருங்கல்லைக் குடைந்து பௌத்தத் துறவியர் அமைத்த குகைகள் நூற்றுக்குமேல் இங்கு உள்ளன. கி.மு. முதல் நூற்றாண்டு தொடங்கி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்காலம் இவ்வேலை நடந்திருக்கின்றது. மூன்றாம் குகையின் முன்மண்டபத்தில் இருபுறமும் இருபதடிக்கு மேற்பட்ட உயரத்தில் புத்தர் நிற்கின்றார். அவர் முன்னே நிற்கையில் பேச்சு தானே அடங்கிவிடுகின்றது.

எங்களை மிகவும் கவர்ந்த செய்தி 90ஆம் குகையில் உள்ளது. அங்கே பகலவி மொழியில், 1009ஆம் ஆண்டிலும் 1021ஆம் ஆண்டிலும் வந்து பார்த்துச் சென்ற பார்சியர் தம் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கின்றார்கள். பாரசீகத்திலிருந்து இக்கடற்கரைக்குப் பிழைக்க வந்தோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். அயலூரில் குடியேறியவர் குடும்பத்தோடு ஓய்வுநாளில் இம்மலைக்கு வருவது நம்மோடு தொடங்கியதன்று என்று எண்ணியபோது மனத்துக்கு ஆறுதலாய் இருந்தது. (ஆயினும் நாம் பெயர் பொறிக்கலாகாது, அது குற்றம்.)

தந்தையார் சிலைகளை வணங்கினார். ஆனால் அவர் கண் போனது வேறிடத்தில். ஒவ்வொரு குகையின் அருகிலும் பாறையில் வெட்டிய நீர்த்தொட்டி. மேலிருந்து மழைநீரை அதற்குக் கொண்டு வரும் சிறு வாய்க்கால். குந்தி அமர்ந்து அவ்வாய்க்காலை விரலால் தடவிக்கொண்டே வந்தார். "வாட்டம் பார்த்து வெட்டியிருக்கிறான். ஒரு சொட்டு வீணாகாது" என்றார். ஊரை விட்டு வந்தபின் அவர் முகத்தில் அத்தகைய மலர்ச்சியை நாங்கள் கண்டதில்லை.

அப்போது அவருக்கு ஒன்று சொன்னோம். மும்பைக்குக் குடிநீர் தரும் ஏழு ஏரிகளில் விகார், துளசி என்னும் இரண்டு இம்மலைகளுக்கு நடுவே உள்ளன. விகார் 1860இலும் துளசி 1879இலும் கட்டி முடிக்கப்பட்டவை. இன்றைய நகரின் தேவைக்கு அவை தரும் பங்கு சிறிதே. எனினும் அந்நாளில் பம்பாயின் தாகம் தீர்த்தவை அவை. 2024இல் ஜூலை மாதத்திலேயே இரண்டும் நிரம்பி வழிந்தன. விகார் ஏரியும் அதற்குத் தெற்கேயுள்ள பவாய் ஏரியும் வழியும் நீர்தான் மித்தி ஆறாகி, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடித் தாராவியை ஒட்டி மாஹிம் கடலில் கலக்கின்றது.

"காலையில் பார்த்தோமே, அந்தக் கருந்தண்ணியா?" என்றார் வியப்போடு. ஆம் என்றோம். பக்கத்துப் பள்ளத்தில் பாறைமேல் ஓடிய தெளிந்த நீரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாளை நம் அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது; மித்தி பெருகி வீடுகளுக்குள் புகுந்தது. ஆற்றின் இடத்தை அடைத்தோம். அது தன் இடத்தைக் கேட்டு வந்தது. மலைச்சரிவில் மரம் நின்றால் மழைநீர் மண்ணில் ஊறி மெல்ல இறங்கும். மரம் போனால் ஒரேயடியாய்ப் பாயும். ஆகவே இக்காடு போரிவலியாருக்கு மட்டும் உரியதன்று. ஆற்றின் கடைமடையில் குடியிருக்கும் நமக்கும் உரியது.

இதில் ஒரு தர்மசங்கடமும் உண்டு. காட்டின் ஓரங்களில் குடிசையிட்டு வாழ்ந்தோரை அகற்றுமாறு 1997இல் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பிழைப்புத் தேடிப் பல ஊர்களிலிருந்து வந்த ஏழைகள் அவர்கள், நம்மைப் போன்றவர்களே. காடு வேண்டும், ஏழைக்குக் கூரையும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பறிப்பது முறையன்று என்பதே எங்கள் கருத்து.

மாலையில் திரும்பினோம். வண்டி மீண்டும் அப்பாலத்தைக் கடந்தபோது தந்தையார் மூக்கைப் பொத்தவில்லை. சன்னல் வழியே குனிந்து பார்த்து, "நல்ல இடத்துப் பிறப்புதான். ஊருக்குள் வந்தல்லவா கெட்டுப் போயிற்று" என்றார். அவர் ஆற்றைத்தான் சொன்னார்.

அன்பர்களே, போரிவலி நெடுந்தொலைவன்று. திங்கட்கிழமை தவிர்த்துக் காலையிலேயே புறப்படுங்கள். உணவுப் பொட்டலத்தைக் குரங்குகளுக்குக் காட்டாதீர்கள். கொண்டு சென்ற காகிதத்தையும் உறையையும் திரும்பக் கொண்டு வாருங்கள். பொழுது சாயுமுன் வெளியேறிவிடுங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். குழந்தையையும் அவரையும் முன்னே நடக்கவிட்டு, நீங்கள் பின்னால் வாருங்கள்.

எங்கள் தந்தையார் தங்கிவிடுவார் என்று ஒரு சிறு நம்பிக்கை இருந்தது. அவ்வாறு நிகழவில்லை. எடுத்த சீட்டுக்குத் தீபாவளிக்கு முன் ஊர் போய்ச் சேர்ந்தார். ஆனால் மறு ஆண்டு இங்கு மழை பிடித்த செய்தியைக் கேட்டதும் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் நலம் விசாரிப்பதற்கு முன்பே அவர் கேட்ட முதற்கேள்வி: "எய்யா, உங்கள் ஏரி நிரம்பிவிட்டதா?"

உங்கள் ஏரி என்றார். பன்னிரண்டு ஆண்டுகளில் இவ்வூரில் எதையும் எங்களுடையது என்று ஒருவரும் சொன்னதில்லை.