முதலில் ஒரு கேள்வி

போபால் நகருக்குத் தமிழாசிரியராகப் பணிமாற்றம் பெற்று வந்த ஆண்டில், எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு நான் ஒரு பயிற்சி அளித்தேன். தாம் எடுத்த ஒளிப்படம் ஒன்றைக் காட்டி, அதைப் பற்றித் தமிழில் ஐந்து வரிகள் எழுத வேண்டும் என்பதே அப்பயிற்சி.

சாஞ்சித் தூபி, மேல் ஏரி, மொட்டைமாடியில் உலரும் அப்பளம் எனப் பல படங்கள் வந்தன. நானோ ஒவ்வொன்றிலும் பிழையையே தேடினேன். “ஏரியின் நீர்க்கோடு சாய்ந்திருக்கிறது”, “சூரியனை எதிர்நோக்கி எடுத்ததால் தோரணவாயிலின் சிற்பங்கள் இருண்டுவிட்டன” என்றெல்லாம் கூறினேன். கட்டுரை திருத்தும் சிவப்பு மை என் நாவிலும் ஒட்டியிருந்தது போலும்.

மாணவன் ஒருவன் தன் வீட்டு டிஜிட்டல் கேமராவையே கொண்டுவந்து, அதன் திரையில் படத்தைக் காட்டினான். இரயில் பெட்டியின் சன்னல்; அதில் கலங்கிய ஓர் உருவம். “கை நடுங்கிவிட்டது, ஒன்றும் தெரியவில்லை. இதை அழித்துவிட்டு வேறு படம் கொண்டு வா” என்றேன். அவன் என் கண்முன்னே பொத்தானை அழுத்தி அதை அழித்துவிட்டான்.

அன்று மாலை அவனது குறிப்பேட்டைத் திருத்தும்போது அந்த ஐந்து வரிகளைப் படித்தேன். அவன் தந்தை படைவீரர். விடுப்பு முடிந்து எல்லைக்குத் திரும்பிய நாளில், இரயில் புறப்பட்ட பிறகு அவர் கையசைத்தார். அதைத்தான் அவன் எடுத்திருந்தான். நடுங்கியது அவன் கையன்று, நகர்ந்தது இரயில். மாலை மங்கலில் ஷட்டர் சற்று நேரம் கூடுதலாகத் திறந்திருந்தமையால் உருவம் கலங்கியது. அந்தக் கலக்கத்திலேயே பிரிவு பதிவாகியிருந்தது. 1944ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் நார்மண்டிக் கடற்கரையில் இராபர்ட் காப்பா எடுத்த போர்ப் படங்களும் கலங்கியவையே. எனினும், உலகம் அவற்றைப் போற்றுகிறது.

மறுநாள் அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். “பரவாயில்லை, ஐயா. அப்பா அடுத்த முறை வரும்போது எப்படி எடுப்பது என்று சொல்லித் தாருங்கள்” என்றான். “இரயில் செல்லும் திசையிலேயே கேமராவையும் மெல்லத் திருப்பிக்கொண்டு எடு, முகம் ஓரளவு தெளியும், பின்புலமே கலங்கும்” என்றேன்.

அன்று முதல் என் வழக்கம் மாறியது. “நீ எதைக் காட்ட விரும்பினாய்?” என்று முதலில் கேட்கிறேன். பின்னர், படத்தில் நன்கு அமைந்த ஒன்றை இன்னதெனச் சுட்டுகிறேன். இறுதியாக, அம்மாணவரால் செய்யத்தக்க ஒரே ஒரு மாற்றத்தைச் சொல்கிறேன். “சிற்பம் இருண்டுவிட்டது” என்பதோடு நிறுத்தாமல், “வெயில் பக்கவாட்டில் விழும்படி நின்று எடுத்துப் பார்; சிற்பத்தின் மேடுபள்ளங்கள் துலங்கும்” என்கிறேன்.

அழிந்த படம் திரும்பவில்லை. அவன் எழுதிய ஐந்து வரிகள் மட்டுமே எஞ்சியுள்ளன.

மாணவர்களே, நண்பர் தம் படத்தை உங்களிடம் நீட்டும்போது, குறையைக் கூறத் தயங்க வேண்டா. ஆனால், அவர் சொல்ல வந்ததைக் கேட்ட பிறகு கூறுங்கள்.