என் பெயர் எத்தல்

'எத்து' என்பது வினை. அதனோடு 'அல்' சேர்ந்தால் எத்தல், தொழிற்பெயர். ஏமாற்றுதல் என்பது பொருள். எத்தித் திரிபவன் எத்தன். இலக்கணம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது எட்டாம் வகுப்பு மாணவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? கரும்பலகையிலே விகுதிகளை எழுதிவிட்டு, 'அல்' விகுதிக்கு எடுத்துக்காட்டு கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "எத்தல், டீச்சர்!" வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். ஏனெனில் அது என் பெயர்.

ஆங்கிலேயர் வாயிலே 'எதெல்'. எங்கள் ஊர் வாயிலே வந்து விழுந்தபோது எத்தல். பாட்டியின் பெயர், பேத்திக்கு வந்தது.

மாணவர் சிரிப்பு எனக்குப் புதிதன்று. ஆனால், எங்கள் ஊர்ப் படிப்பகத்துத் தோழர்கள் கேட்டதைச் சிரித்துத் தள்ள இயலவில்லை. "தோழர், மேடையிலே தமிழ் முழங்குகிறீர்கள், வகுப்பிலே தமிழ் கற்பிக்கிறீர்கள், பெயர் மட்டும் வெள்ளைக்காரன் விட்டுச்சென்றதா? பொங்கல் விழாவிலே மாற்றிவிடுவோம். 'எழிலி' என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலெழுத்துகூட மாறாது!" என்றனர். அன்போடுதான் சொன்னார்கள். எழிலி என்றால் மேகம், அழகான பெயர். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்று சொல்ல மனம் வரவில்லை. ஒரு திங்கள் அவகாசம் கேட்டேன். எறியப் போகும் பொருள் இன்னதென்று அறிந்துகொண்டு எறிவதுதானே பகுத்தறிவு!

தேடினேன். முதலில் கிடைத்தது தலைகுனிவு.

பழைய ஆங்கிலத்திலே 'ஏதெல்' என்றால் உயர்குடிப் பிறப்பு. ஆம் தோழர்களே, உயர்குடி! பிறப்பொக்கும் என்று பேசித் திரிந்தவள், பிறப்பின் உயர்வையே பெயராகச் சூடித் திரிந்திருக்கிறேன். அந்நாளில் அது தனிப்பெயரும் அன்று, பெயரின் முன்பாதி. ஏதெல்ஸ்தான் என்றால் உயர்ந்த கல். ஏதெல்ரெட் என்றால் உயர்ந்த அறிவுரை. அரச குமாரனுக்குப் பட்டமே 'ஏதெலிங்'. வெஸ்ஸெக்ஸ் நாட்டு ஏதெல்வுல்ஃப் மன்னனுக்குப் பின் அவன் மக்கள் நால்வர் ஒருவர்பின் ஒருவராக அரியணை ஏறினர்: ஏதெல்பால்டு, ஏதெல்பெர்ட், ஏதெல்ரெட், கடைக்குட்டி ஆல்ஃபிரட். முன்பாதியைக் கேட்டதுமே குலம் தெரிந்துவிடும். நம் ஊரிலே பெயரின் வாலிலே சாதி தொங்கியது. அங்கே தலையிலே அமர்ந்திருந்தது. வேற்றுமை அவ்வளவே!

அந்த ஏதெல்களிலே பெண்களும் உண்டு. ஆல்ஃபிரட்டின் மகள் ஏதெல்ஃபிளேட், கணவன் இறந்தபின் 911 முதல் 918-இல் தான் இறக்கும்வரை மெர்சிய நாட்டை ஆண்டவள். அரண்கள் எழுப்பி டேனியரை எதிர்த்தவள். இன்னொருத்தி ஏதெல்திரித். 673-இல் ஈலி என்னும் ஊரிலே துறவுமடம் கண்டவள். கழுத்திலே கட்டி கண்டு இறந்தாள். இளமையிலே கழுத்துநிறைய மணிமாலை அணிந்த பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று அவளே கருதியதாகப் பீட் என்னும் துறவி எழுதிவைத்தார். நோய்க்கும் நகைக்கும் முடிச்சுப் போடும் வித்தை நம் நாட்டுக்கு மட்டும் உரியதென்று எண்ணியிருந்தேன்!

இந்தப் புனிதையின் பெயர் மக்கள் வாயிலே தேய்ந்து 'ஆட்ரி' ஆயிற்று. அவள் பெயரால் ஈலியிலே சந்தை கூடியது. அங்கே கழுத்தில் கட்டும் பட்டு நாடாக்கள் விற்றனர். பகட்டாக இருக்கும், மலிவாகவும் இருக்கும். 'செயின்ட் ஆட்ரி' நாடா என்பதைச் சேர்த்துச் சொல்லிச் சொல்லி 'டாட்ரி' என்றாக்கினர். இன்றும் ஆங்கிலத்திலே போலிப் பகட்டுக்கு அதுதான் சொல். மாலை அணிந்ததற்காக வருந்தி இறந்தவளின் பெயர், மலிவான கழுத்துநாடாவின் மேல் ஒட்டிக்கொண்டது. காலம் செய்யும் கேலிக்கு ஈடாக எந்த எழுத்தாளனால் எழுத முடியும்?

பிறகு வந்தது 1066. நார்மண்டியின் வில்லியம் கடல் கடந்து வந்தான், இங்கிலாந்தை வென்றான். நிலம் போயிற்று, பதவி போயிற்று, அரசவையிலே மொழியும் போயிற்று. இரண்டு நூற்றாண்டுக்குள் பெயர்களும் போயின. பழைய பெயரை வைக்காதே என்று எவனும் சட்டம் போடவில்லை. வென்றவன் வாளால் பறித்தது நிலத்தை. பெயர்களைத் தோற்றவர்களே எடுத்துக் கொடுத்துவிட்டனர். ஏன்? வெட்கம்! தன் பெயரைச் சொல்லத் தனக்கே நா கூசும் நிலை.

1100-இல் மன்னன் முதலாம் ஹென்றி, பழைய ஆங்கில அரசமரபின் குருதி கொண்ட ஈடித் என்பவளை மணந்தான். அரசியானதும் அவள் ஈடித்தாக இருக்கவில்லை. நார்மானியர் நாவுக்கு ஏற்ப 'மட்டில்டா' ஆனாள். அப்படியும் விட்டார்களா? நார்மானியப் பெருமக்கள் அரசனையும் அரசியையும் 'காட்ரிக், காட்கிஃபு' என்று அழைத்து நகைத்தனராம். அவை ஆங்கில நாட்டார் பெயர்கள். 'குப்பனும் சுப்பியும்' என்று நம் ஊரிலே இளிப்பார்களே, அந்த இளிப்பு!

என்னை மிகுதியும் வாட்டியது விட்பி ஊர்ச் சிறுவன் ஒருவனின் கதை. பன்னிரண்டாம் நூற்றாண்டு. பெற்றோர் இட்ட பெயர் டாஸ்டிக். வடகடல் தாண்டிக் குடியேறிய மக்களின் பழம்பெயர். உடன் விளையாடிய பிள்ளைகள் சிரித்தனர். சிரிப்பைத் தாங்காமல் பெயரை மாற்றினர். என்ன பெயராக? வில்லியமாக! வென்றவனின் பெயராக! அவன் பின்னாளில் துறவியாகி, பார்த்தலோமியு என்ற பெயரோடு ஃபார்ன் தீவிலே வாழ்ந்து 1193-இல் இறந்தான். ஒரு பிறவியிலே மூன்று பெயர். கடைசி வரிசைச் சிரிப்பு எவ்வளவு வலிமையுடையதென்று அன்றுதான் ஆசிரியை என்ற முறையிலே அஞ்சினேன். 1170களின் தொடக்கத்திலே நார்மண்டியில் ஒரு கிறிஸ்துமஸ் விருந்து நடந்தது. வில்லியம் அல்லாதவரெல்லாம் அறையைவிட்டு வெளியேறுக என்று விளையாட்டாக ஆணையிட்டனர். அப்படியும் நூற்றுக்கு மேற்பட்ட வில்லியம்கள் எஞ்சி உண்டார்களாம். ஊரெல்லாம் வில்லியம்! ஏதெல் எங்கே? மண்ணுக்குள்ளே.

ஆட்ரி போன்ற உருமாறிய மிச்சங்கள் நீங்கலாக, ஏறக்குறைய அறுநூறு ஆண்டு உறக்கம்.

எழுப்பியவர்கள் எழுத்தாளர்கள். ஆங்கிலேயர் தம் தொன்மையைத் தேடத் தொடங்கிய காலம் அது. 1819-இன் இறுதியிலே வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' வெளிவந்தது. சாக்சன் பெயர்கள் அச்சேறின. அவசரத்தில் ஒரு பிழையும் ஏறியது. 'செர்டிக்' என்ற பழம்பெயரைச் 'செட்ரிக்' என்று ஸ்காட் மாற்றி எழுத, அந்தப் பிழையே பெயராகிப் பிள்ளைகளுக்கு வைக்கப்பட்டது! தாக்கரே 1853 முதல் 1855 வரை தொடராக எழுதிய 'நியூகம்ஸ்' புதினத்தின் நாயகி எதெல். பணக்கார வீட்டுப் பெண். செல்வாக்குள்ள மாப்பிள்ளைக்கு விலைபேசப்படுகிறாள். ஓவியக் கண்காட்சியிலே 'விற்கப்பட்டது' என்று ஓவியங்களில் செருகும் பச்சைச் சீட்டு ஒன்றை எடுத்து, தன் உடையிலே குத்திக்கொண்டு விருந்துக்கு வந்து அமர்கிறாள். வரதட்சணைப் பேரம் நடக்கும் வீட்டிலே நம் பெண்ணொருத்தி அப்படி வந்து அமர்ந்தால் எப்படியிருக்கும்! அந்த இடத்தைப் படித்தபோதுதான் என் பெயரோடு எனக்கு முதன்முதலாக உறவு உண்டாயிற்று. அடுத்து 1856-இல் சார்லட் யங் எழுதிய 'டெய்சி செயின்' புதினத்திலே இன்னொரு எதெல். அண்ணனுக்கு இணையாகக் கிரேக்கமும் இலத்தீனும் பயில்பவள். பெண்ணுக்கு அது ஆகாது, வீட்டைப் பார் என்று சொல்லித் தடுக்கப்படுபவள். சார்லட் யங் சமயப் பற்றில் ஊறியவர். அந்தத் தடையைச் சரியென்றே கொண்டார். எனக்குச் சரியென்று படவில்லை.

இவ்விரு நாயகிகளும் பெயருக்குச் சிறகு கொடுத்தனர். முன்பாதி முழுப்பெயராயிற்று. முதலில் மாளிகைகளிலே வைத்தனர். மாளிகையிலே வைத்ததை வணிகர் வீட்டிலே வைத்தனர்; வணிகர் வீட்டில் வைத்ததை ஆலைத் தொழிலாளி தன் மகளுக்கு வைத்தான். 1890களிலே அமெரிக்காவில் பெண்குழந்தைகளுக்கு இட்ட முதல் பத்துப் பெயர்களுள் எதெல் ஒன்று. உயர்குடி என்ற சொல் பாத்திரம் தேய்த்தது, நூல் நூற்றது, பிறர் வீட்டுப் படுக்கையை விரித்தது!

பென்சில்வேனியாவிலே செஸ்டர் என்னும் ஊரில் 1896-இல் ஒரு குழந்தை பிறந்தது. கறுப்பினத்துக் குழந்தை. தாய் சிறுமி, வன்கொடுமைக்கு ஆளானவள். அந்தக் குழந்தைக்கு இட்ட பெயர் எதெல். விடுதியிலே அறை துடைத்து வயிறு வளர்த்த அப்பெண்தான் எதெல் வாட்டர்ஸ். பிறகு தன் குரலால் அமெரிக்க மேடைகளை ஆண்டவர். பிறப்பின் உயர்வைக் குறிக்கப் பிறந்த சொல், பிறப்பைக் காட்டியே மிதிக்கப்பட்ட இனத்துப் பெண்ணிடம் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகும் அந்தச் சொல்லிலே 'குலம்' எங்கே இருக்கிறது?

நம் தோழர்கள் அறியவேண்டிய எதெல் ஒருவர் உண்டு. கணித மேதை ஜார்ஜ் பூலின் கடைசி மகள், 1864-இல் பிறந்த எதெல் லிலியன். திருமணத்துக்குப் பின் வாய்னிச். 1897-இல் அவர் எழுதிய 'கேட்ஃபிளை' புதினத்தைச் சோவியத்து நாட்டிலே பல இலட்சம் பேர் படித்தனர். இத்தாலிய விடுதலைக்கு உழைக்கும் இளைஞன் பாவமன்னிப்புக் கூண்டிலே தன் நெஞ்சைத் திறக்கிறான். கேட்ட பாதிரி அதைக் காவலரிடம் கொண்டுபோய்க் கொட்டுகிறான். தோழர்கள் சிறை புகுகிறார்கள். என் பெயரை மதப்பெயர் என்றவர்களுக்கு அந்த நூலைப் பரிசளிக்கப் போகிறேன்.

ஏறிய பெயர் இறங்கியது. வேலைக்காரிக்கும் எஜமானிக்கும் ஒரே பெயர் ஆனபின் எஜமானியின் மகளுக்கு வேறு பெயர் தேடினார்கள். அந்த மகளைப் பார்த்து மற்றவர்களும் தேடினார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவிலே எதெல் என்றால் நரைத்த கூந்தல், பின்னல் ஊசி, பூனைக்குட்டி என்றாயிற்று. ஒரு தலைமுறை பாட்டியானால் பெயரும் பாட்டியாகிவிடுகிறது; பாட்டியெல்லாம் மறைந்தபின் பெயர் மறுபடியும் குழந்தையாகிறது. அண்மைக் காலத்தில் இங்கிலாந்திலே எல்சி, ஐவி, ஏடா எல்லாம் தொட்டிலுக்குத் திரும்பிவிட்டன. எதெல் இன்னும் வாசற்படியிலே தயங்கி நிற்கிறாள்.

இனி என் பாட்டி. அவர் பிறந்தது 1940களில். தம் ஊர்க்காரர் கைவிட்டுக்கொண்டிருந்த பெயர் அவருக்கு எப்படி வந்தது? எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த வெள்ளைக்கார ஆசிரியை ஒருவரின் பெயர் அது. அப்போதே ஐம்பதைத் தாண்டியவராம். அப்படியானால் அந்தப் பெயர் உச்சியிலிருந்த 1890களிலே பிறந்தவர். கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. என் பாட்டியின் தாய்க்கு அவர்மேல் அன்பு; மகளுக்கு அந்தப் பெயரை வைத்தார். அந்தத் தாயின் பெயர் குப்பி. குழந்தை தங்கவேண்டுமென்று குப்பையில் கிடத்தி எடுத்து வைத்த பெயர். பண்ணையார் வீட்டிலும் குழந்தைகள் இறந்ததுண்டு. அங்கேயும் அந்தப் பெயர் உண்டு. ஆனால், அங்கே அது குப்புசாமி! சாமி வந்து ஒட்டிக்கொள்ளும். எங்கள் தெருவிலே வெறுங் குப்பி.

குப்பியின் மகள் நாற்பது ஆண்டு அந்தப் பண்ணையிலே நாற்று நட்டார், களை பறித்தார். வரப்பிலே நின்றபடி பண்ணையார் கூப்பிடுவாராம்: "ஏட்டீ எத்தலு!"

பாட்டிக்கு இப்போது எண்பது வயது. பெயரின் பொருளை அவரிடம் சொன்னேன். நம்பவில்லை. இரண்டாம் முறையும் சொன்னேன். வெற்றிலையை மடித்த கை அப்படியே நின்றது. "அப்பம் அந்த மனுசன் நாப்பது வருசமா என்னைய அப்படியா கூப்பிட்டாரு?" என்றார். "ஆமாம் பாட்டி. உயர்குலத்தவளே, உயர்குலத்தவளே என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்." இருமல் வரும்வரை சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

பொங்கலன்று படிப்பகத்துக்குப் போனேன். இதையெல்லாம் சொன்னேன். ஒரு தோழர் ஒப்பவில்லை; "தமிழ்ப்பெயர் தமிழ்ப்பெயர்தான்" என்றார். அவர் சொல்வதிலே நியாயம் இல்லாமலில்லை. என் வகுப்புப் பதிவேட்டைப் பார்க்கிறேன்: ஷகரமும் ஹகரமும் இல்லாத பெயர் அரிது, எண்கணிதக்காரன் சொல்படி எழுத்தைக் கூட்டிய பெயர்களும் உண்டு. அந்தப் பெற்றோரிடம் போய்ப் பேசவேண்டியவள் நான்தான், பேசியும் வருகிறேன். எனக்கு ஒரு மகள் பிறந்தால் அவள் எழிலி என்று தோழர்களுக்கு வாக்களித்துவிட்டேன். குப்பியின் மகள் சுமந்த பெயரை அவர் உயிரோடிருக்கும்போது இறக்கிவைக்க எனக்குக் கை வரவில்லை.

சென்ற வாரம் இலக்கணத் தேர்வு. 'அல்' விகுதி பெற்ற தொழிற்பெயர் ஒன்று தருக என்று கேட்டிருந்தேன். ஆடல், பாடல் என்று எழுதியவர்கள் பலர். பதினோரு பேர் 'எத்தல்' என்று எழுதியிருந்தனர். முழு மதிப்பெண் கொடுத்தேன்.