கரையோடு முடியாத ஏரி

சென்னையின் தெற்கே, குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையில், கிராண்ட் சதர்ன் டிரங்க் (ஜி.எஸ்.டி.) சாலைக்குக் கிழக்குப் பக்கமாக அமைந்த சிட்லபாக்கம் ஏரி, இன்று 50 ஏக்கருக்கும் குறைவான பரப்புடையது. அளவில் சிறியதாயினும், ஒரு புறநகர் ஏரி எவ்வாறு உயிர்த்திருக்கிறது, எதனால் நலிகிறது என்பவற்றை இந்த ஒன்றைக் கொண்டே பெரும்பாலும் விளங்கிக்கொள்ளலாம்.

இவ்வேரி அமைந்த தொண்டை நாட்டின் ஏரிகளில் பெரும்பாலானவை தாமாக உண்டான பள்ளங்கள் அல்ல. மெல்லச் சரியும் நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மண்கரை எழுப்பி, மேட்டுப் பக்கத்தைத் திறந்தே விட்டு, ஓடிவரும் மழைநீரைத் தேக்கி வைத்த மனித ஆக்கங்கள் அவை. ஆகவே கரையோரத்தில் ஆழமாக நிற்கும் நீர், உள்வாய் எனப்படும் நீர் தேங்கும் உட்பரப்பின் மேற்பகுதிக்குச் செல்லச் செல்லக் கணுக்கால் அளவாகி, ஈரமண்ணாகி, பின் தரையோடு கலந்துவிடுகிறது. வயலுக்கு நீர் விடும் மடை மதகு எனப்படும். கொள்ளளவை மீறிய நீர் கரையை உடைக்காமல் வழிந்தோடக் கட்டப்பட்ட அமைப்பு கலங்கல் எனப்படும். சிட்லபாக்கத்தின் மிகைநீர் செம்பாக்கம் ஏரியை அடைந்து, அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் வழியே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குள் இறங்கி, ஒக்கியம் மடுவையும் பக்கிங்ஹாம் கால்வாயையும் கடந்து கோவளத்தருகே கடலில் சேர்கிறது. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற அந்தச் சதுப்புநிலத்தின் நலம், மேலே உள்ள இத்தகைய சிற்றேரிகளின் நலத்தைச் சார்ந்தே இருக்கிறது.

சென்னை வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்திலேயே கிடைத்துவிடுவதால், மழையை நம்பிய ஏரி மார்கழியில் நிறைந்து, கோடையில் சுருங்கி, சில ஆண்டுகளில் முற்றிலும் வறண்டுபோவது இயல்பு. அந்த வறட்சியும் ஏரியின் வாழ்க்கையில் ஒரு பகுதியே. முன்பு, காய்ந்த வண்டலில் காற்றுப் புகுந்து அழுகிய பொருள்கள் மட்கின. உழவர் அந்த வண்டலை அள்ளி வயலுக்கு எருவாக்கினர். நீர்த்தாவர விதைகளும் நீர்வாழ் சிற்றுயிர்களின் முட்டைகளும் அடுத்த மழைக்காக மண்ணுக்குள் காத்துக் கிடந்தன.

வயல்கள் மனைகளாகி, பாசனம் பெறும் ஆயக்கட்டு மறைந்தபின், இந்தச் சுழற்சி தடைப்பட்டது. மழைநீரைக் கொண்டுவந்த வரத்துக்கால்கள் கழிவுநீரைச் சுமக்கத் தொடங்கின. கழிவிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரமாகின்றன; தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்த மிதவைச் செடி பரப்பை மூடும்போது கீழுள்ள தாவரங்கள் ஒளியின்றி மடிகின்றன. பகலில் உயிர்வளியை வெளியிடும் பாசியே இரவில் அதைச் செலவழிப்பதாலும், அழுகும் பொருள்களைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் எஞ்சியதையும் உறிஞ்சுவதாலும், விடியலுக்குச் சற்று முன்னர் நீரில் உயிர்வளி மிகவும் குறைகிறது. மீன்கள் கூட்டமாகச் செத்து மிதப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். சித்திரை வெயிலிலும் ஓர் ஏரி வற்றாமல் நிற்பதைக் கண்டு மகிழ்வதற்கு முன், அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாக வேண்டும்.

வழிந்தோடும் பாதை அடைபட்டால் என்ன நேரும் என்பதை 2015 டிசம்பர் தொடக்கத்தில் இவ்வட்டாரம் கண்டது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, கால்வாய்கள் குறுகிக் கிடந்த இடங்களிலெல்லாம் வெள்ளம் தெருக்களையே கால்வாய்களாக்கிக்கொண்டது. நிலத்தின் சரிவை எந்த மனைப்பட்டாவும் மாற்றிவிடவில்லை.

2019இன் கடும் வறட்சியில் சிட்லபாக்கத்து மக்கள் தாமே ஏரிக்குள் இறங்கித் துப்புரவு செய்ததும், அதன்பின் அரசு சீரமைப்புப் பணிகளை மேற்கொண்டதும் போற்றத்தக்கவை. எனினும் சீரமைப்பு என்பது எங்கும் ஒரே ஆழத்தில் தோண்டி, சுற்றிலும் கல் பதித்து, நடைபாதை போடுவதாகச் சுருங்கிவிடலாகாது. முக்குளிப்பானும் நீர்க்காகமும் ஆழமான நீரில் மூழ்கி இரை தேடுபவை; குருட்டுக் கொக்குக்கும் உள்ளானுக்கும் கணுக்கால் நீரும் சேறுமே உணவுக்களம்; நீலத்தாழைக்கோழிக்குக் கோரைப்புதர் வேண்டும். உள்வாயின் சரிவை அழித்து ஏரியைத் தொட்டியாக்கினால், நீர் கூடினாலும் உயிர்வகை குறைந்துவிடும்.

ஆகவே சிற்றேரியைக் காக்க விரும்புவோர் கரைக்குள் மட்டும் பார்வையை நிறுத்தாமல், மேலே வரத்துக்காலில் கலக்கும் கழிவுநீரைத் தடுக்கவும், கீழே கலங்கலிலிருந்து அடுத்த ஏரி வரையுள்ள கால்வாயை அளந்து மீட்கவும், நடுவே ஆழமற்ற ஓரத்தை அதன் போக்கில் விட்டுவைக்கவும் வேண்டும். இம்மூன்றில் ஒன்று விடுபட்டாலும், எத்தனை முறை தூர் வாரினாலும் ஏரி மீளாது.