22 சேனலில் மதுரை

ஃபில்டர் பேங்க் படிச்ச எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டிருப்போம்: இதெல்லாம் எங்கடா பயன்படப்போகுது? எனக்குப் பதில் எங்க வீட்டிலேயே கிடைச்சது. அக்கா மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்"னு ரெண்டு வயசு வரைக்கும் வீட்டுப் பெரியவங்க காத்திருந்தாங்க. மூணு வயசில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் வச்சாங்க.

காதுக்குள் நத்தைக்கூடு மாதிரி இருக்கும் காக்ளியா ஒரு ஃபில்டர் பேங்க்தான். அதன் அடிப்பகுதி கீச்சு ஒலிகளுக்கு, நுனி கனத்த ஒலிகளுக்கு. நமக்கு அங்கே ஒலியை நரம்புக்குச் சொல்ல சுமார் 3,500 செல்கள். அவனுக்கு 22 எலக்ட்ரோடு.

போதுமா? 1995இல் ராபர்ட் ஷானன் குழுவினர் பேச்சை நாலே நாலு பட்டைகளாகப் பிரித்து, அதன் ஏற்ற இறக்கத்தை மட்டும் இரைச்சலில் ஏற்றிப் போட்டுக் காட்டினார்கள். கொஞ்சம் பழகியதும் கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் புரிந்தது. நானும் பைத்தானில் செஞ்சு ரூம்மேட்டுக்குப் போட்டேன். முதலில் வெறும் கரகரப்பு. வாக்கியத்தைச் சொல்லிட்டு மறுபடி போட்டதும், "இப்ப தெளிவா கேக்குதேடா"ன்னான். ஃபைல் அதேதான்.

ஆனா ரூம்மேட் மண்டையில் 21 வருஷத் தமிழ் இருக்கு. எங்க பயலுக்கு அது இல்லை. மெஷினை ஆன் பண்ணின அன்னைக்கு அவன் பயந்து அழுதான். "ஆபரேஷன் முடிஞ்சும் பேசலையா?"ன்னு ஊரே கேட்டது. அதுக்கப்புறம்தான் வேலையே ஆரம்பம். தெரபிஸ்ட் வாயை மறைச்சுக்கிட்டுப் பேசுவாங்க. 'பாடு', 'மாடு' ரெண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும், காதாலதான் பிரிக்கணும். முதல் சில வருஷங்களில் ஒலியே வரலைன்னா, பிறகு மூளை அதைப் பழகுவது ரொம்பக் கஷ்டம். திட்டத்தில் ஆறு வயசு வரம்பு வச்சிருப்பது அதனாலதான்.

இப்போ அவனுக்கு அஞ்சு வயசு. வீட்டில் வாயாடி. பெரியார் பஸ் ஸ்டாண்டில் மட்டும் திணறுவான். ஹாரன், கண்டக்டர் சத்தம், என் குரல் எல்லாம் அந்த 22க்குள்ளேயே வரணுமே. குனிஞ்சு கிட்ட போய்ப் பேசுவேன்.

உங்க வீட்டுக் குழந்தை சத்தத்துக்குத் திரும்பலைன்னா காத்திருக்காதீங்க. தூங்குற பச்சைக்குழந்தைக்கே டெஸ்ட் எடுக்கலாம். நம்ம ராஜாஜி ஆஸ்பத்திரியிலேயே பார்க்கிறாங்க.