தூங்குற புள்ளையை எழுப்பாதீங்க



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி இப்போது வெளிநாட்டு விமானங்களில் பணிப்பெண்ணாக இருக்கிறாள். பொங்கலுக்கு அன்னூர் வந்திருந்தாள். "மூணு நாள் லீவுல ரெண்டு நாள் தூங்கியே கழிச்சுட்டாங்க டீச்சர். ஒறம்பரை வந்தா எந்திரிச்சு வாங்கன்னுகூடக் கேக்கறதில்லை" என்று அவள் அம்மா குறைபட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

போன இடத்தில் அவர்கள் தங்கும் நேரத்தை லேயோவர் என்கிறார்கள். "ஓசியில் ஊர் சுற்றுகிறாள்" என்று நாம் நினைக்கிறோம். குளிர்காலத்தில் நமக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் 13½ மணி நேர வித்தியாசம். அங்கே நண்பகல் என்றால் உடம்புக்கு நள்ளிரவு தாண்டியிருக்கும். ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் தூக்கத்துக்குப் போராடுவதுதான் பாதி லேயோவர். 2021 ஜனவரியில் அங்கிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியாவின் முதல் நேரடி விமானத்தை நான்கு பெண் விமானிகள் ஓட்டி வந்தார்கள். சுமார் 17 மணி நேரப் பயணம். நான்கு பேர் எதற்கு? மாறி மாறித் தூங்கி எழத்தான்.

தூக்கம் கெட்டால் என்ன ஆகும்? 2010 மே 22, துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூரில் ஓடுபாதை தாண்டி விழுந்து 158 பேர் இறந்தார்கள். விமானத் தலைவர் வழியில் வெகுநேரம் தூங்கி எழுந்த கலக்கத்தில் இருந்ததும் ஒரு காரணம் என்றது விசாரணை அறிக்கை.

விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக்கியும், இரவுத் தரையிறக்கங்களை 6-லிருந்து 2 ஆகக் குறைத்தும் கொண்டுவந்த விதிகள் 2025-இல் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. டிசம்பரில் இண்டிகோவில் விமானிகள் போதாமல் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. உடனே இரவு விதிகளுக்குத் தற்காலிகத் தளர்வு கொடுத்தார்கள். பயணிகள் பட்ட பாடு உண்மை. ஆனால் "இவங்களுக்கு எதுக்கு இத்தனை ஓய்வு?" என்று சிலர் கேட்டதுதான் எனக்கு வருத்தம். ஆள் எடுக்காதது ஓய்வின் குற்றமா?

மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வந்த அப்பா தூங்கும்போது ரேடியோ வைக்காமல் வளர்ந்தவர்கள் நாம். அந்த மரியாதையை நம் பிள்ளைகளுக்கும் கொடுப்போம். விமானமோ, ஆஸ்பத்திரியோ, ராத்திரி பஸ்ஸோ, வேலை முடித்து வந்து படுத்திருந்தால் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். ஒறம்பரை நாலு மணிக்கும் காப்பி குடிக்கலாம்.

உங்கள் வீட்டில் யாருக்கு இப்படி வேலை? கமெண்டில் சொல்லுங்கள் கண்ணுகளா.

வாழ்க வளமுடன்.