வண்டியின் அடிவயிறு

பழைய வண்டி இருக்கிற வீடு எதுவானாலும் சரி, அங்கே மாதத்துக்கு ஒரு முறையாவது ஒரு விவாதம் நடந்தே தீரும். "ரிப்பேர் செய்து ஓட்டலாம்" என்று ஒரு கட்சி. "தள்ளிவிட்டு வேறே வாங்கலாம்" என்று இன்னொரு கட்சி. காப்பி ஆறிப் போகும், விவாதம் ஆறாது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றால், சகோதரிகளே, எங்கள் வீட்டுச் சமாசாரத்தைச் சற்றுக் கேளுங்கள். 2025-ம் வருஷத்தில் முக்கால் பாகம் எங்களுக்கு இந்த விவாதத்திலேயே கழிந்தது.

எங்கள் வீடு என்று நான் சொல்வது என் புக்ககத்தை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து தெற்கே வந்தால், புதுச்சேரிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் முன்னால் மரக்காணம் வரும். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் கழுவேலி ஏரி. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதே, அதே கழுவேலிதான். இரண்டுக்கும் நடுவே கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்பளம். தை பிறந்து வெயில் ஏற ஆரம்பித்தால், பாத்திகளில் வெள்ளை பூத்துவிடும். சாலையோரத்தில் ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்களை, காரில் போகிறவர்கள் இறங்கி நின்று படம் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் மாமாவுக்கு அங்கே சில பாத்திகள் குத்தகை.

மாமாவின் வண்டி 2010-ல் வாங்கியது. ஏழு பேர் உட்காரக்கூடிய, உயரமான டீசல் வண்டி. 'எஸ்.யு.வி.' என்பது விளம்பரக்காரர்கள் வைத்த பெயர். மரக்காணத்தில் அதற்கு ஒரே பெயர், 'ஜீப்பு'. என்னைக் கல்யாணம் செய்து அழைத்துக்கொண்டு வந்ததும் அதுதான். என் நாத்தனாரைப் பிரசவத்துக்கு ஏற்றிக்கொண்டு போனதும் அதுதான். மற்ற நாட்களில் பின் ஸீட்டை மடக்கிவிட்டு ஈரச் சாக்கில் உப்பு ஏற்றி வந்ததும் அதுதான். மருமகளையும் உப்பையும் ஒரே வண்டியில் ஏற்றுவதில் மாமாவுக்குக் கூச்சம் ஏதும் இல்லை. இரண்டையும் பத்திரமாகவே இறக்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2011 டிசம்பரில் 'தானே' புயல் அடித்தது. வண்டி பிழைத்தது. 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. எங்களுக்கு மேற்கே மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. உப்பளமும் ஏரியும் சாலையும் ஒன்றாகிவிட்டன. மறுநாள் காலையில் ஜீப்பின் படிக்கட்டுக்கு மேல் தண்ணீர். அது மழைத் தண்ணீர் மட்டும் அல்ல. பாத்தித் தண்ணீரும் கலந்தது.

அதற்கப்புறம் வண்டி பழைய வண்டியாக இல்லை. காலையில் கிளம்ப மறுத்தது. கிளம்பினால் வெள்ளையாகப் புகை விட்டது. மார்ச் மாதம் ஓர் இரவு அத்தைக்கு நெஞ்சு வலித்தது. புதுச்சேரிக்குக் கிளம்பினோம். கூனிமேடு தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. மணி பதினொன்றரை. மீன் ஏற்றிப் போன ஒரு வேன்காரர் நிறுத்தி, அத்தையை முன் ஸீட்டில் உட்கார்த்திக் கொண்டு போனார். நல்ல வேளை, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மாத்திரைகளோடு வீடு திரும்பினார். ஆனால் விவாதம் அன்றைக்குத்தான் நிஜமாக ஆரம்பித்தது.

மெக்கானிக் கொடுத்த கணக்கு: இன்ஜெக்டர் நாலு, டர்போ, கிளட்ச் எல்லாம் சேர்த்து 1,35,000 ரூபாய். வண்டியை அப்படியே விற்றால் இரண்டு லட்சம் கிடைக்கலாம்.

"இரண்டு லட்சம் பெறாத வண்டிக்கு ஒண்ணே கால் லட்சத்துக்கு மேலே செலவா? யாராவது கேட்டால் சிரிப்பார்கள்!" என்றார் என்னவர். அவர் ஏற்கெனவே 14 லட்ச ரூபாய்க்கு ஒரு புது வண்டியைப் பார்த்து, வர்ணம் முதற்கொண்டு தீர்மானித்து வைத்திருந்தார்.

"இஞ்சின் கல்லு மாதிரி இருக்குதுடா. செலவு பண்ணினா இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்றார் மாமா.

வண்டியின் விலையில் பாதிக்கு மேல் ரிப்பேர் செலவு வந்தால் வண்டியைத் தள்ளிவிட வேண்டும் என்று ஒரு கணக்கு பலர் வாயில் வழங்குகிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. நான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். நீங்களும் உட்காரலாம், கூட்டல் கழித்தலுக்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

நம் நாட்டு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் வண்டிக்குக் கழிவு போடுவதற்கு ஓர் அட்டவணை உண்டு. ஒரு வயது நிறைவதற்குள் 15 சதவீதம் கழிகிறது. ஐந்து வயது நிறைவதற்குள் 50 சதவீதம். அதாவது 14 லட்ச ரூபாய் வண்டியில் ஐந்து வருஷத்தில் 7 லட்சம் காணாமல் போகும். வருஷத்துக்கு 1,40,000! கடன் வட்டி தனி. பெரிய பிரீமியம் தனி. இந்தப் பணத்துக்கு யாரும் பில் கொடுப்பதில்லை. ஆகையால் அது செலவாகவே நமக்குத் தோன்றுவதில்லை. மெக்கானிக்கின் பில் மட்டும் கண்ணைக் குத்துகிறது. ஜீப்பு ஒரே ஒரு வருஷம் தொந்தரவில்லாமல் ஓடினாலே ரிப்பேர் காசு வந்துவிட்டது. இரண்டு வருஷம் ஓடினால் லாபம்.

15 வருஷம் முடிந்த சொந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000. பசுமை வரி, எஃப்.சி. இவை வேறு. எல்லாம் சேர்த்தும் கணக்கு மாமா பக்கமே சாய்ந்தது. மாமாவுக்கு முகத்தில் ஒரே மலர்ச்சி. "படிச்ச பொண்ணுன்னா படிச்ச பொண்ணுதான்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

ஆனால் என் கணக்கில் ஒரு வரி இன்னும் நிரப்பாமல் இருந்தது. அதை நிரப்பத் திண்டிவனத்துக்குப் போக வேண்டியிருந்தது.

அடுக்களையில் கல் உப்பு ஜாடி வைத்திருக்கிறீர்கள் அல்லவா? ஐப்பசி, கார்த்திகையில் அது கசிந்து அடியில் நீர் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சுத்தமான உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியும். கல் உப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் மக்னீசிய உப்போ, ஈரப்பதம் 35 சதவீதம் இருந்தாலே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கடற்கரையில் அவ்வளவு ஈரம் இல்லாத நாள் ஏது? கடல் காற்றில் வருவதும், பாத்தித் தண்ணீரில் இருப்பதும், சாக்கிலிருந்து சொட்டுவதும் இந்தக் கலவைதான். அது வண்டியின் இரும்பில் ஒட்டிக்கொண்டால், மழை இல்லாவிட்டாலும் இரும்பு ஈரத்திலேயே இருக்கும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைச் சுலபமாகக் கடத்தும். துருப் பிடிப்பது ஒரு சின்ன பாட்டரி வேலை செய்கிற மாதிரிதான். ஆகவே அது அங்கே துரிதமாக நடக்கிறது. துருவுக்கு இரும்பைவிட இடம் அதிகம் வேண்டும். அதனால்தான் பெயிண்டுக்கு அடியில் அப்பளம் போல் கொப்புளம் எழும்புகிறது.

கொப்புளம் கண்ணுக்குத் தெரியும், டிங்கரிங் செய்துவிடலாம். அடியில் இருப்பது தெரியாது. இந்த மாதிரி வண்டிகளுக்கு அடியில் ஏணி போல இரண்டு நீள இரும்புச் சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும் உண்டு. அதுதான் சேஸிஸ். இஞ்சின், சக்கரம், மேலே நாம் உட்காரும் கூடு எல்லாமே அதன்மேல்தான். சட்டத்தின் உள்பக்கம் வெறும் பொந்து. சேறும் உப்பும் அதற்குள் போய்த் தங்கினால், வெளியே கருப்புப் பெயிண்ட் பளபளக்க, உள்ளே இரும்பு கரைந்துகொண்டிருக்கும்.

திண்டிவனத்தில் ஒரு பட்டறையில் வண்டியை லிஃப்டில் உயர்த்தினார்கள். மாமா, என்னவர், நான் மூவரும் அண்ணாந்து நின்றோம். பட்டறைக்காரர் ஒரு சின்னச் சுத்தியால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனார். முன்பக்கம் 'டங், டங்' என்றது. நடுவிலும் 'டங்'. பின் சக்கரத்துக்கு மேலே, சாக்கு வைக்கிற இடத்துக்கு நேர் கீழே, சத்தம் மாறி 'சொத்' என்றது. அங்கே திருப்புளியால் குத்தினார். அது உள்ளே போய்விட்டது. செதில் செதிலாகத் துரு உதிர்ந்து மாமாவின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

பிரேக் குழாய்களையும் பார்த்தோம். ஓர் இடத்தில் விரல் நகத்தால் கீறினாலே பொடி உதிர்ந்தது. அந்தக் குழாயை நம்பித்தான் அத்தையை ராத்திரியில் ஏற்றிக்கொண்டு போனோம்!

"வெல்டிங் வெச்சு ஒரு தகடு போட்டா?" என்று மாமா மெதுவாகக் கேட்டார்.

"போடலாம் சார். ஆனா தகடு பிடிக்கிறதுக்குப் பக்கத்துல நல்ல இரும்பு இருக்கணுமே" என்றார் அவர்.

சேஸிஸையே மாற்றலாமே என்று நீங்கள் கேட்கலாம். வண்டியின் அடையாள எண் பொறித்திருப்பதே அதில்தான், மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வரையில் போக வேண்டும். செலவையும் கேட்டோம், கேட்டதோடு விட்டோம். அமெரிக்காவில் பனிக்காலத்தில் சாலையில் உப்பைத் தூவுவார்கள்; அங்கும் இதே கதைதான். டொயோட்டா கம்பெனியின் டகோமா முதலிய மூன்று வகை வண்டிகளில் சேஸிஸ் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததாக வழக்கு நடந்தது. சுமார் 15 லட்சம் வண்டிகள் சம்பந்தப்பட்டிருந்தன. 2016-ல் கம்பெனி சமரசத்துக்கு வந்து, பரிசோதித்து, ஓட்டையானவற்றுக்குச் சேஸிஸை மாற்றிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. செலவு 340 கோடி டாலர் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். அங்கே கூட, இஞ்சினைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை!

திரும்பும் வழியில் மாமா பேசவே இல்லை. எனக்குப் பாம்பன் பாலம் ஞாபகம் வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதைச் சொன்னேன். 1914-ல் திறந்த பாலம். 1964 டிசம்பர் புயல் அதன் இரும்புச் சட்டங்களைக் கடலில் தள்ளியது. அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவில்லை. விழுந்தவற்றையும் தேடி எடுத்து 46 நாளில் செப்பனிட்டார்கள். இ. ஸ்ரீதரன் அந்த வேலையில்தான் பெயர் வாங்கினார். அப்போது அதற்கு ஐம்பது வயது. செப்பனிட்டது சரிதான், பிறகு இன்னும் ஐம்பத்தெட்டு வருஷம் ரயில் ஓடியது. ஆனால் உப்புக் காற்று ஓயவில்லை. 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6-ம் தேதி பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தது.

"அப்போ தானே புயலுக்கு அப்புறம் நான் ரிப்பேர் பண்ணினது சரிதானே?" என்றார் மாமா.

"ரொம்பச் சரி மாமா" என்றேன். வாஸ்தவமும் அதுதான்.

அடுத்த கேள்வி, எதை வாங்குவது? என்னவரின் 14 லட்ச ரூபாய் வண்டியை நான் ஆட்சேபித்தேன். உப்பளத்துக்குப் போகிற வண்டிக்கு அத்தனை பெரிய கண்ணாடித் திரை எதற்கு? அத்தையை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது போலும், மூவரும் அவர் பக்கம் திரும்பினோம்.

"ராத்திரியிலே ரோட்டுலே நிக்கக்கூடாது. அப்புறம், ஏறும்போது முட்டி வலிக்கக்கூடாது. இந்த ஜீப்புலே ஏறுறதுக்கு நான் பதினஞ்சு வருஷமா ஸ்டூல் போடுறேன், யாருக்காவது தெரியுமா?" என்றார் அத்தை.

யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கடைசியில் முடிவு செய்தது இதுதான்: உயரம் சற்றுக் குறைந்த, ஆனால் மழைக்காலச் சாலைக்குப் போதுமான வண்டி. பழையது; ஆனால் கடற்கரை ஊரில் ஓடாதது. 2019-க்கு அப்புறம் வந்தது. அந்த வருஷத்திலேதான் ஏ.பி.எஸ். பிரேக்கும் ஓட்டுநருக்குக் காற்றுப்பையும் கார்களுக்குக் கட்டாயமாயின. சேலத்தில் 2020-ம் வருஷத்து வண்டி ஒன்று ஆறே முக்கால் லட்சத்துக்குக் கிடைத்தது. முதல் சொந்தக்காரர் பாதிக் கழிவைத் தம் தலையில் சுமந்துவிட்டாரே! வாங்குவதற்கு முன்னால் அதையும் லிஃப்டில் ஏற்றித் தட்டிப் பார்த்தோம். கோடிக்குக் கோடி 'டங்'.

ஜீப்பை யாருக்காவது விற்றிருந்தால் கொஞ்சம் கூடுதலாகவே வந்திருக்கும். பெயிண்ட் அடித்தால் ஓட்டை தெரியாது. மாமா சம்மதிக்கவில்லை. அரசாங்கப் பதிவு பெற்ற, வண்டி உடைக்கும் நிலையத்தில் ஒப்படைத்தோம். எடைக்கு 45,000 ரூபாய் வந்தது. அங்கே தருகிற ஒப்படைப்புச் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். அதைக் காட்டிப் புது வண்டி வாங்குகிறவர்களுக்கு, சாலை வரியில் 25 சதவீதம் வரை தள்ளுபடி கொடுக்க மத்திய அரசின் விதியில் இடம் உண்டு. நமக்கு வேண்டாமென்றால் பிறருக்கு மாற்றிக் கொடுக்கவும் வழி இருக்கிறது.

புது (பழைய) வண்டிக்கு இப்போது சாக்கு ஏற்றுவதில்லை. அதற்கு ஒரு சின்னச் சரக்கு ஆட்டோவை வாடகைக்குப் பிடிக்கிறார் மாமா. இன்னொரு சங்கடம் இருக்கிறது. வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். எங்கள் தெருவில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே கரிக்கும். அதில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசின கதைதான். ஆகவே மாதம் இரண்டு தடவை திண்டிவனத்துக்குப் போய் லிஃப்டில் ஏற்றிக் குளிப்பாட்டிக்கொண்டு வருகிறார். அத்தையின் மாத்திரைகளும் அங்கேதான் வாங்குவது. ஒரே பிரயாணத்தில் இரண்டு வேலையும் முடிந்துவிடுகிறது. ஸ்டூல் வீட்டிலேயே இருக்கிறது.